ஐங்காலியைப் பற்றி நாலு கேள்வி

“அலுவலக சேரைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம்” என்று போன இதழில் ஆசிரியர் ஓர் ஓரமாகப் போட்டிருந்தார். வந்த கடிதங்களைப் பார்த்தால், உட்கார்ந்திருக்கும் சேரோடு யாருமே சமாதானமாக இல்லை போலிருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 26 வருடம் அலுவலக சேர்களின் அடிப்பாகத்தை வரைந்தே சம்பளம் வாங்கியவன் நான். துணி, நிறம், தோற்றம் எல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். லீவர், ஸ்பிரிங், சிலிண்டர் என்று நீங்கள் குனிந்து பார்க்காத இடம்தான் என்னுடையது. நான் டாக்டர் இல்லை. வலி விடாமல் இருந்தால் அவரிடம் போங்கள். சேரைத் திட்ட வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள்.

கேள்வி: ஐயா, காலையில் என் சேரை உயர்த்தி வைத்துக்கொண்டு உட்காருகிறேன். மதியத்துக்குள் தானாக இறங்கி, மேசை கழுத்துக்கு வந்துவிடுகிறது. லீவரைத் தொடவே இல்லை. எண்ணெய் விட்டால் சரியாகுமா?

எண்ணெய் விடாதீர்கள், அது எண்ணெய்க்கு அடங்குகிற கோளாறு இல்லை. நடுவில் இருக்கும் அந்தத் தடித்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் நைட்ரஜன் வாயு அதிக அழுத்தத்தில் அடைத்திருக்கும். இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கத்தில் பிஸ்டனோடு தண்டு ஒட்டியிருப்பதால், அங்கே வாயு தள்ளுவதற்கான பரப்பு கொஞ்சம் குறைவு. அந்தச் சின்ன வித்தியாசம்தான் இருக்கையை மேலே தூக்குகிறது. லீவரை இழுத்தால் குழாயின் உச்சியில் இருக்கும் சின்னக் குமிழ் அழுந்தி வால்வு திறக்கும், வாயு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஓடும். கையை எடுத்தால் வால்வு மூடிக்கொள்ளும், பிஸ்டன் நின்ற இடத்தில் நிற்கும். மேலே தூக்கும் விசை பெரியவர் ஒருவரின் எடையைவிடக் குறைவு. அதனால்தான் நீங்கள் உட்கார்ந்து லீவரை இழுத்தால் இறங்குகிறது, எழுந்துகொண்டு இழுத்தால் ஏறுகிறது. சின்னக் குழந்தை ஏறி உட்கார்ந்து இழுத்துப் பார்த்துவிட்டு “இறங்க மாட்டேங்குது” என்று அழுவதற்கும் இதுவே காரணம்.

இப்போது உங்கள் சேர். முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, லீவரின் முனை அந்தக் குமிழை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்துபோன லீவர் அப்படிச் செய்யும். அப்படியென்றால் அதை நிமிர்த்தினால் போதும், செலவே இல்லை. இல்லையென்றால் உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்து வாயு கசிகிறது. இதில் ஒரு துப்பு உண்டு. இரவெல்லாம் காலியாக இருந்த சேர் காலையில் தானாகவே ஏறி நின்றால், வாயு உள்ளுக்குள்ளேயே பிஸ்டனைத் தாண்டிக் கசிகிறது என்று அர்த்தம். லீவரை இழுத்தும் ஏறாமல் படுத்தே கிடந்தால் வாயு வெளியே போய்விட்டது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான், வேறு சிலிண்டர்.

சிலிண்டரைக் கழற்ற போல்ட்டைத் தேடாதீர்கள், இருக்காது. மேலும் கீழும் கூம்பு முனைகள், கூம்பு ஓட்டைக்குள் சொருகியிருக்கும், அவ்வளவுதான். நீங்கள் உட்காரும் ஒவ்வொரு தடவையும் உங்கள் எடைதான் அதை இறுக்குகிறது. பல வருடம் உட்கார்ந்த சேர் என்றால் ரப்பர் சுத்தியலால் அடிபாகத்தை நன்றாகத் தட்ட வேண்டியிருக்கும். மேல் பக்கத்துக்குப் பைப் ரென்ச் வேண்டும். பழைய குழாயை அறுப்பது, துளை போடுவது, தீயில் காட்டுவது மட்டும் கூடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறது, வெடிக்கும்.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த உயரத்துக்குச் சரியாக ஒரு பிவிசி குழாயை அறுத்து, நீளவாக்கில் பிளந்து, வெளியே தெரியும் தண்டின் மேல் மாட்டிவிட்டால் சேர் அதற்குக் கீழே இறங்காது. வடிவமைப்பாளன் என்ற முறையில் இதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியவன் நான். என் வீட்டு சேரில் மாட்டியிருக்கிறேன்.

கேள்வி: நாற்காலி என்றால் நான்கு கால். அலுவலக சேருக்கு மட்டும் ஏன் ஐந்து?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன். நம் மொழியில் கால்களை எண்ணித்தான் பெயர் வைத்திருக்கிறோம், முக்காலி, நாற்காலி. நியாயமாகப் பார்த்தால் நீங்கள் உட்கார்ந்திருப்பது ஐங்காலி.

சக்கரம் இல்லாத சாதாரண நாற்காலிக்கு நான்கு கால் தாராளம். சக்கரமும் சுழற்சியும் வந்ததும் கதை மாறுகிறது. ஆள் எந்தத் திசையிலும் சாய்வார், எட்டி எதையாவது எடுப்பார். கவிழ்வது எப்போதும் இரண்டு கால்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான். ஒரு தாளில் வட்டம் வரைந்து பாருங்கள். மையத்திலிருந்து ஒவ்வொரு காலும் 35 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு புள்ளிகளை இணைத்தால் சதுரம். மையத்திலிருந்து அதன் பக்கத்துக்குச் சுமார் 24.7 செ.மீ. உடல் எடையின் மையம் அதைத் தாண்டினால் ஆள் தரையில். ஐந்து புள்ளி என்றால் அந்தத் தூரம் 28.3 செ.மீ. ஆகிறது. கால் நீளத்தைக் கூட்டாமலே மூன்றரை செ.மீ. இலவசம்! ஆறாவது கால் வைத்தால் இன்னும் 2 செ.மீ. மட்டும்தான் கூடும், எடையும் கூடும், உங்கள் பாதம் வேறு போய் இடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முக்காலிக்கும் ஒரு அலுவலகக் கதை உண்டு. அமெரிக்காவில் ஜான்சன் வாக்ஸ் நிறுவனத்தின் கட்டடத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், அங்கே வேலை செய்பவர்களுக்கு மூன்று கால் நாற்காலியையும் வடிவமைத்தார். கட்டடம் 1939-இல் திறக்கப்பட்டது. இரண்டு பாதமும் தரையில் ஊன்றி உட்கார்ந்தால் நாற்காலி நிற்கும், கோணலாக உட்கார்ந்தால் கவிழும். ரைட்டையே அதில் உட்காரச் சொன்னபோது அவரும் விழுந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, பிறகு நாலாவது கால் வந்தது உண்மை.

கேள்வி: முதுகு, தொடை, முழங்கால் எல்லாம் 90 டிகிரியில் இருக்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் படம் ஒட்டியிருக்கிறார்கள். அப்படி உட்கார்ந்தால் அரை மணியில் முதுகு கடுக்கிறது. தவறு என்னுடையதா?

இல்லை, படத்துடையது. அந்தப் படத்தை என் மேசைக்கு எதிரே பல வருடம் ஒட்டி வைத்திருந்த குற்றவாளி நானும்தான்.

நிற்கும்போது அடிமுதுகில் உள்பக்கமாக ஒரு வளைவு இருக்கிறது. உட்கார்ந்து தொடையை 90 டிகிரிக்கு மடக்கினால், தொடையின் பின்பக்கத் தசைகள் இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுக்கின்றன. இடுப்பு உருண்டு அந்த வளைவு தட்டையாகிறது. 1953-இல் கீகன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், ஆட்களை ஒருக்களித்துப் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். உடலுக்கும் தொடைக்கும் நடுவில் கோணம் சுமார் 135 டிகிரியாக இருக்கும்போதுதான் முதுகு தன் இயல்பான வளைவில் இருந்தது. அதாவது படுத்த நிலைக்கும் நிமிர்ந்து உட்காரும் நிலைக்கும் நடுவில் எங்கோ. அப்புறம் 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த நாக்கெம்சன், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் முதுகுத்தட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, சாய்மானம் இல்லாமல் உட்காருவதில் அழுத்தம் அதிகம் என்று அவர் சொன்னது எங்கள் தொழிலில் வேதம் மாதிரி இருந்தது. 1999-இல் ஜெர்மனியில் வில்கேயும் அவர் குழுவும் ஒரே ஒருவரின் முதுகுத்தட்டில் அளவுமானி வைத்துப் பார்த்தபோது நிற்பதும் உட்காருவதும் கிட்டத்தட்ட ஒன்று என்று வந்தது. ஒருவரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது, சரி. ஆனால் சாய்ந்தால் அழுத்தம் குறைகிறது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை.

ஆக, சாய்வதற்குத் தயங்காதீர்கள். சேரில் சாய்வுப் பூட்டு இருந்தால் அதைத் திறந்தே விடுங்கள். படிக்கும்போது சாயுங்கள், எழுதும்போது முன்னே வாருங்கள், போன் பேசும்போது எழுந்து நில்லுங்கள். சாயும்போது முதுகுச் சாய்மானம் உங்களைத் தூக்கி எறிவது போலிருந்தாலோ, பொத்தென்று பின்னால் விழுந்தாலோ, இருக்கைக்கு அடியில் முன்பக்கம் ஒரு பெரிய குமிழ் இருக்கும், பாருங்கள். அது ஸ்பிரிங்கின் இறுக்கம். பல சேர்களில் அதைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றினால்தான் வித்தியாசம் தெரியும். முக்கால்வாசிப் பேர் இரண்டு சுற்று சுற்றிவிட்டு “கெட்டுப்போச்சு” என்று விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: சாயும் போதெல்லாம் சட்டை பேன்ட்டிலிருந்து உருவிக்கொண்டு வருகிறது. சிரிக்காதீர்கள், உண்மையான பிரச்சினை.

சிரிக்கவில்லை. நாங்கள் இதைச் சோதனையாகவே வைத்திருந்தோம். சட்டையை நன்றாகச் செருகிக்கொண்டு பத்து தடவை சாய்ந்து எழ வேண்டும். எத்தனை விரல் அகலம் வெளியே வந்தது என்று அளப்போம்.

உங்கள் உடல் மடங்குவது இடுப்பு மூட்டில். மலிவான சேரில் முதுகுச் சாய்மானம் மடங்கும் அச்சு அதற்குப் பின்னாலும் கீழேயும் இருக்கிறது. இரண்டு அச்சும் ஒன்றில்லை என்பதால், சாயும்போது சாய்மானப் பலகை உங்கள் முதுகோடு உரசிக்கொண்டே மேல்நோக்கி நகர்கிறது, சட்டையையும் பிடித்து இழுக்கிறது. முதுகுக்கென்று வைத்த புடைப்பும் அதே அளவு இடம் மாறி, வேண்டாத இடத்தில் குத்துகிறது. சட்டை ஒரு சாட்சி மட்டும்தான்.

இதற்காக வந்ததுதான் இருக்கையும் சாய்மானமும் சேர்ந்து நகரும் அமைப்பு. சாய்மானம் 2 டிகிரி சாய்ந்தால் இருக்கை 1 டிகிரி சாயும். இது வழக்கமான விகிதம். இரண்டும் ஒரே அளவு சாய்ந்தால் அது ஊஞ்சல் பலகை மாதிரி: உடலின் கோணம் மாறவே மாறாது, பாதமும் தரையை விட்டு எழும்பிவிடும். வாங்கும்போது சாய்ந்து பார்த்து, குதிகால் தரையில் நிற்கிறதா, சட்டை இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் தரும் விவரத்தாளைவிட இது நம்பகமானது.

கேள்வி: நான் குள்ளம். சேரை எவ்வளவு இறக்கினாலும் கால் தொங்குகிறது. “அட்ஜஸ்டபிள்” என்று எழுதித்தானே விற்கிறார்கள்?

எழுதியதில் பொய் இல்லை, உங்களை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள். எங்கள் வழக்கம் இது: 100 பெண்களை உயர வரிசையில் நிறுத்தி, முதல் 5 பேரை விட்டுவிடுவோம். 100 ஆண்களை நிறுத்தி, கடைசி 5 பேரை விட்டுவிடுவோம். நடுவில் இருப்பவர்களுக்கு அளவு. நீங்கள் அந்த முதல் ஐவரில் ஒருவராக இருக்கலாம். வரைபடத்தில் உங்களை ஒரு கோட்டால் வெளியே தள்ளியவர்களில் நானும் ஒருவன், மன்னியுங்கள்.

இன்னும் கீழே இறக்க ஏன் முடியவில்லை என்றால், சிலிண்டர்தான். அதிக உயரம் ஏறக்கூடிய சிலிண்டர், முழுக்க இறங்கி நிற்கும்போதும் நீளமாகத்தான் இருக்கும். நெட்டையானவரை மகிழ்வித்தால் குள்ளமானவருக்கு அந்தரம். அதே சேருக்குக் குட்டை சிலிண்டர் கிடைக்குமா என்று விற்றவரிடம் கேளுங்கள். பல சமயம் கிடைக்கும், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் மேசை உயரம் மாறாதது என்றால் சேரை இறக்குவது தீர்வே இல்லை; தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். அப்போது தலைகீழாகப் போக வேண்டும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி சேரை உயர்த்துங்கள், தொங்கும் பாதத்துக்குக் கீழே கால்பலகை வையுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். முதுகைச் சாய்மானத்தோடு ஒட்டி உட்கார்ந்தால், இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் விளிம்பு நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் அழுத்தும். நீங்களும் தெரியாமலே முன்னுக்கு நகர்ந்து உட்காருவீர்கள். இருக்கை முன்னே பின்னே நகரும் சேர்தான் உங்களுக்கு ஏற்றது. முன் விளிம்பு கீழ்நோக்கி வழிந்து வளைந்திருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சராசரி உடலுக்கு ஒரே ஒரு நல்ல சேர் செய்து, லீவரே இல்லாமல் விட்டால் என்ன?

சராசரி உடல் என்று ஒன்று இருந்தால் செய்யலாம். 1950-இல் அமெரிக்க விமானப் படை தன் விமானிகளின் உடலை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர், விமானி அறையை வடிவமைக்க முக்கியமான 10 அளவுகளை எடுத்து, 4,063 பேரில் எத்தனை பேர் பத்திலும் சராசரி என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. கை சராசரி என்றால் கால் நீளம், கால் சராசரி என்றால் இடுப்பு அகலம்.

வேறு வழிகளை முயன்றிருக்கிறார்கள். 1994-இல் டான் சாட்விக்கும் பில் ஸ்டம்ப்ஃபும் வடிவமைத்து வந்த ஏரான் சேர், சட்டை மாதிரி மூன்று அளவில் வந்தது. நீல்ஸ் டிஃப்ரியண்ட் என்ற வடிவமைப்பாளர் இன்னொரு பக்கம் போனார். உட்காருபவரின் எடையையே சாய்வுக்கு எதிர்விசையாக வைத்து, ஸ்பிரிங் குமிழுக்கு வேலை இல்லாமல் செய்தார். கனமானவர் உட்கார்ந்தால் சேர் தானாகக் கனத்துத் தாங்கும். அழகான யோசனை, எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. ஆனாலும் உயரத்துக்கு லீவர் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

கேள்வி: லீவர்கள் எது எதற்கு என்றே புரியவில்லை. வேண்டுமென்றே குழப்புகிறீர்களா?

வேண்டுமென்று இல்லை. தெரியாமல் குழப்பியவன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாடலில் வலது பக்கம் இரண்டு லீவர் வைத்தேன். முன்னால் இருப்பது உயரம், நாலு விரல் தள்ளிப் பின்னால் இருப்பது சாய்வுப் பூட்டு. இரண்டும் ஒரே வடிவம், ஒரே அச்சில் வார்த்தால் மிச்சம் என்று. வித்தியாசத்துக்கு மேலே சின்னப் படம் பொறித்தோம். உட்கார்ந்திருப்பவர் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைத் தொடைக்கு நடுவில் விட வேண்டும். அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. மாதிரிச் சேரில் எங்கள் கணக்குப் பிரிவு அம்மா ஒருவரை உட்கார வைத்தோம். அதற்கு முன் ஒரு தடியான பொறியாளர் உட்கார்ந்து ஸ்பிரிங்கை நன்றாக இறுக்கி, சாய்ந்தபடியே பூட்டிவிட்டுப் போயிருந்தார். அம்மா உயரத்தைக் குறைக்க நினைத்து, முன்னால் குனிந்து கையை விட்டு, பின் லீவரை இழுத்தார். சாய்மானம் பளார் என்று வந்து முதுகில் அறைந்தது. மூக்குக் கண்ணாடி பறந்து கீபோர்டில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “இதை யார் வரைந்தது?” என்று மட்டும் கேட்டார்.

அன்றே ஒரு லீவரை இடது பக்கம் மாற்றினேன். ஒன்று இலை மாதிரித் தட்டை, மற்றது உருண்டை. கண் வேண்டாம், விரலே சொல்லும். சாய்வுப் பூட்டிலும் ஒரு கொக்கி சேர்த்தோம்: லீவரைத் திறந்தாலும், முதுகை ஒரு தடவை பின்னால் அழுத்தினால்தான் சாய்மானம் விடுபடும். இப்போது நிறைய சேர்களில் இந்தத் தடுப்பு இருக்கிறது. லீவரை இழுத்தும் சாய்மானம் அசையவில்லை என்றால் உடைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், லேசாகச் சாய்ந்து கொடுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை: ஆள் இல்லாத நேரம் பார்த்து, சேரைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு லீவராக இழுத்து எது அசைகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

கேள்வி: வலை நல்லதா, ஃபோம் நல்லதா?

வியர்ப்பவருக்கு வலை. ஆனால் இருக்கையிலும் வலை என்றால், இறுக்கம் தளர்ந்ததும் நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்து, சட்டத்தின் விளிம்பு தொடையை அறுக்கும். முதுகுக்கு வலை, இருக்கைக்கு ஃபோம் என்பது என் கட்சி. ஃபோமில் மென்மையைப் பார்த்து மயங்க வேண்டாம். கையால் ஓங்கி அழுத்திப் பாருங்கள். அடியில் பலகை தட்டுப்பட்டால் ஒரு வருடத்தில் அந்தப் பலகையில்தான் உட்காருவீர்கள்.

கேள்வி: சக்கரம் தரையில் கீறல் போடுகிறது.

தரைவிரிப்புக்குக் கடினச் சக்கரம், வழவழப்பான தரைக்கு மென்மையான ரப்பர் ஓரம் வைத்த சக்கரம். உங்களிடம் இருப்பது முதல் வகை. தண்டின் தடிமன் பெரும்பாலும் 11 மி.மீ.தான், நேராக இழுத்தால் வந்துவிடும், புதியதை அமுக்கினால் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: சாயும் போதெல்லாம் சேர் கிறீச்சிடுகிறது. கூட்டம் நடக்கும்போது மானம் போகிறது.

இருக்கைக்கு அடியில் நான்கு போல்ட் இருக்கும், அவை தளர்ந்திருக்கும். வரிசையாக இறுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு சாய்மானம் மடங்கும் அச்சில் ஒரு பொட்டு கிரீஸ். அதிலும் போகவில்லை என்றால் கைப்பிடியின் திருகு.

என் சேரே ஒரு முறை ஒரு மாதம் கிறீச்சிட்டது. நானே வரைந்த சேர்; வெளியே சொல்ல முடியாது. எல்லாப் போல்ட்டையும் இறுக்கியாயிற்று, ஸ்பிரிங்கைக் கழற்றிப் பூசி மாட்டியாயிற்று. கடைசியில் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் விரலை விட்டால், காணாமல் போன என் பேனா. சத்தம் நின்றது. பேனாவின் மூடி மட்டும் நசுங்கியிருக்கிறது, இந்தப் பதில்களை அதில்தான் எழுதினேன்.